நாலு பேருக்கு முன்னால்

1

இலங்கைக் கரையோரத்து உடப்பில் நான் படித்த பள்ளிக்கூடத்தின் அதிபர் அனுப்பிய குரல்செய்தியை ரெயினில் நின்றபடிதான் கேட்டேன்.

"தங்கச்சி, நம்மட பள்ளிக்கூடத்துல புதுசா கம்பியூட்டர் அறை ஒண்டு திறக்கப்போறம். நீங்க அங்கயிருந்து வீடியோவில வந்து பிள்ளைகளோட ஒரு அரை மணித்தியாலம் கதைக்கோணும். தலைப்பும் போட்டுட்டேன். வெற்றிகரமான மென்பொருள் பொறியியலாளர் ஆவது எப்படி. உங்கள விட்டா இந்த ஊர்ல அதக் கதைக்க யாரு இருக்கிறா?"

அன்று காலையில்தான் எங்கள் கந்தோரில் அணித்தலைவர் பதவி எனக்கில்லை, யோரிஸ் என்ற இளைஞனுக்குத்தான் என்று அறிவித்திருந்தார்கள். நான் அங்கே சேர்ந்து பத்து வருடம் முடிந்ததும் அதே வாரம். அதற்காக ஒரு பூங்கொத்து தந்தார்கள். ஒரு கையில் பூங்கொத்து, மறு கையில் தொலைபேசி, காதில் வெற்றிகரமான மென்பொருள் பொறியியலாளர். பக்கத்தில் இருந்த ஒரு கிழவி பூவைப் பார்த்துவிட்டுப் பிறந்தநாளா என்று டச்சு மொழியில் கேட்டாள். ஆம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

இதை வாசிக்கிற ஊர்க்காரர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கோபமாக இருக்கிறேன். கோபம் ஆறட்டும், பிறகு பக்குவமாக எழுதலாம் என்று சில வாரம் இருந்து பார்த்தேன். ஆறவில்லை. பக்குவம் வேண்டியவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டலாம்.

2

நெதர்லாந்துக்கு வந்த புதிதில் கேட்டதும் எனக்கு விளங்கிய முதல் டச்சுச் சொல் கந்தோர், அதாவது அலுவலகம். ஊரில் நாங்கள் தபால் கந்தோர், கச்சேரிக் கந்தோர் என்கிறோமே, அது இவர்கள் எங்களிடம் விட்டுவிட்டுப் போன சொல்தான். இவர்களுடைய முப்பாட்டன்மார் கற்பிட்டியில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த காலத்துச் சொல். அந்தத் தைரியத்தில் முதல் வேலைக்கு, வேறொரு கந்தோருக்கு, போன இரண்டாம் நாள், கக்கூஸ் எங்கே என்று கேட்டுவிட்டேன். அதுவும் இவர்களுடைய சொல்தானே! அறையே விழுந்து விழுந்து சிரித்தது. அது இப்போது நாகரிகமான இடத்தில் வாயில் எடுக்கக்கூடாத சொல்லாம். என் பிழையை எல்லாருக்கும் முன்னால் சொல்லி, எல்லாருக்கும் முன்னால் சிரித்து, சரியான சொல்லையும் சொல்லித் தந்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். எனக்குத்தான் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அன்றைக்கே நான் ஒன்றை விளங்கிக்கொண்டிருக்க வேண்டும், விளங்கவில்லை.

குளிரூட்டிய லொறிகள் ஐரோப்பா முழுக்க மீனும் மரக்கறியும் ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. எந்த லொறி எங்கே நிற்கிறது, பெட்டிக்குள் குளிர் சரியாக இருக்கிறதா, குளிர் குறைந்தால் யாருக்கு அபாயமணி அடிப்பது என்று பார்க்கிற மென்பொருளை எழுதுவதுதான் எங்கள் வேலை. அப்பாவுக்கு இதை விளங்கப்படுத்துவது லேசாக இருந்தது. அவர் உடப்புக் கரையில் மீன் வாங்கி, ஐஸ் போட்டு, சிலாபத்துக்கு லொறியில் அனுப்பியவர்.

"ஐஸ் உருகினா உனக்கு அங்க தெரியுமா?"

"தெரியும் அப்பா."

"அப்ப நல்ல வேலைதான்."

இந்த வேலைக்கு வருவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஊரிலிருந்து பத்துளுஓயாவுக்கு ஒரு பஸ், அங்கிருந்து புத்தளத்துக்கு இன்னொரு பஸ். பாலாவிச் சந்தியில் சீமெந்து லொறிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து கம்பியூட்டர் வகுப்புக்குப் போய்ச் சேரும்போது சீமெந்துத் தூளில் தலைமயிர் நரைத்திருக்கும். எழுத்து அழிந்துபோன விசைப்பலகையில் எந்த எழுத்து எங்கே என்று விரலால் பழகினேன். பிறகு கொழும்பு, பிறகு இங்கே. இங்கே வந்தும் படிப்பு நிற்கவில்லை. இந்தத் துறையில் ஒரு கருவி கைக்குப் பழகும்போது அது பழசாகிவிடும். மகள் வயிற்றில் இருந்தபோது ஒரு சான்றிதழ், அவள் பால் குடித்துக்கொண்டிருந்தபோது இன்னொன்று. நடுவில் குடிவரவுக் கந்தோரின் கடிதங்கள், கைரேகை, மறுபடி கைரேகை. நிரந்தரமாகத் தங்குவதற்கு ஒரு பரீட்சையும் எழுதினேன். அதில் ஒரு கேள்வி, அயல்வீட்டில் குழந்தை பிறந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது. வாழ்த்து மட்டை அனுப்புவேன் என்பது சரியான விடை. நான் உடப்பில் பிறந்தவள். அயல்வீட்டில் குழந்தை பிறந்தால் அந்த வீட்டுக் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்பேன். மட்டை என்று எழுதிச் சித்தியடைந்தேன்.

இணையத்தைத் திறந்தால் ஆலோசனை சொல்கிறவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். திறமையை வளருங்கள், இந்த மொழியைப் படியுங்கள், அந்தச் சான்றிதழை எடுங்கள், பத்தே வழிகளில் உச்சிக்குப் போங்கள். அவர்கள் சொன்ன எல்லாவற்றையும் நான் செய்தேன். செய்து முடித்துத்தான் பூங்கொத்தோடு ரெயினில் நின்றேன். அவர்களில் ஒருத்தராவது கீழே நான் எழுதப்போவதைச் சொல்லவில்லையே என்றுதான் வயிறு எரிகிறது.

3

கரையில் வலை ஏறியதும் மீனை நிறுப்பார்கள். சிலாபத்து முதலாளிக்காக நிறுக்க வருகிறவர் சுனில் என்ற சிங்கள மனிதர். ஒருநாள் அவர் கூடையின் பாரத்தை ஒருமுறை கழித்துவிட்டு, கதைத்துக்கொண்டே மறுபடியும் கழித்துவிட்டார். அப்பா கண்டார். பள்ளிக்கூட உடுப்போடு பக்கத்தில் நின்ற நானும் கண்டேன். நான் வாயைத் திறக்க, அப்பா என் தோளைப் பிடித்து அழுத்தினார். வலைக்காரர், ஐஸ்காரர், கறிக்கு மீன் வாங்க வந்த பெண்கள் என்று சுற்றிவரச் சனம். அப்பா எல்லாம் முடிந்தபிறகு சுனிலை ஆண்டிமுனைப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, அவர் பாதி குடித்ததும் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். சுனிலின் முகம் சுருங்கியது. பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

வரும் வழியில் நான் கேட்டேன். "ஏன் அப்பா அங்கயே சொல்ல இல்ல?"

"ஆக்களுக்கு முன்னால சொன்னா அது பிழை சொல்றதில்ல மகள். அந்தாள்ட மானத்த வாங்கிறது. நாளைக்கும் அவன்ட முகத்துலதானே முழிக்கோணும்?"

எங்கள் ஊரில் எல்லாருமே இப்படித்தான். ஒரே கோயில், ஒரே கரை, யாரைப் பார்த்தாலும் ஏதோவொரு முறையில் சொந்தம். ஒருத்தரைச் சபையில் தலைகுனிய வைத்துவிட்டு அந்த ஊரில் பிறகு எப்படி நடமாடுவது? பிழையைத் தனியே சொல்லுவோம், சபையில் விழுங்குவோம். இதற்கு நாங்கள் வைத்த பெயர் மரியாதை.

என் தொழிலில் ஒருத்தர் எழுதிய கணினி நிரலை இன்னொருத்தர் வாசித்துச் சரிபார்த்த பிறகுதான் அது வெளியே போகும். வாசிக்கிறவர் கண்ட பிழையை அந்த வரிக்குப் பக்கத்திலேயே குறிப்பாக எழுத வேண்டும். அந்தக் குறிப்பு முழு அணிக்கும் தெரியும். யார் எழுதினார், யாருடைய வரிக்கு எழுதினார் என்று பெயரோடு என்றைக்கும் அங்கேயே இருக்கும். முதல்தடவை இதைப் பார்த்தபோது எனக்குக் கூசியது. ஒரு மனிதனின் பிழையை நாலு பேர் பார்க்க ஒட்டிவைக்கிற பலகையா இது?

நான் அப்பாவின் வழியை எடுத்தேன். யாருடைய நிரலிலாவது பிழை கண்டால் இரண்டு கோப்பி எடுத்துக்கொண்டு அவருடைய மேசைக்குப் போவேன். வானிலை கதைப்பேன், பிள்ளைகளை விசாரிப்பேன், அவர் பாதிக் கோப்பி குடித்ததும் அந்த வரியைக் காட்டுவேன். அவர் திருத்துவார். சிலவேளை அவருடைய கதிரையில் இருந்து நானே திருத்திக் கொடுப்பேன். பிறகு என் இடத்துக்கு வந்து, குறிப்பு எழுதும் இடத்தில் "சரி" என்று ஒரே ஒரு சொல் போடுவேன். லொறிகள் ஒழுங்காக ஓடின, மீன் பழுதாகவில்லை, யாரும் வெட்கப்படவில்லை. பத்து வருடம் இப்படித்தான் வேலை செய்தேன். நன்றாகச் செய்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

4

எங்கள் மேலாளர் அன்னெக்க நல்லவள். கெட்டவளாக இருந்தால் எனக்குத் திட்டுவதற்கு லேசாக இருந்திருக்கும். பதவி ஏன் எனக்கில்லை என்று சொல்ல என்னைத் தனியே கூப்பிட்டவள், தன் கணினித் திரையை என் பக்கம் திருப்பினாள். யோரிஸ் மற்றவர்களுடைய நிரலுக்கு எழுதிய குறிப்புகள் கீழே கீழே ஓடிக்கொண்டே இருந்தன. இங்கே ஒரு வெற்று வரி போதும். இந்தப் பெயர் இன்னும் தெளிவாக இருக்கலாம். இதை ஏன் இப்படி எழுதினாய், அப்படி எழுதியிருக்கலாமே. பாதி அரிசியில் கல் பொறுக்குகிற வேலை. பிறகு என் பெயரை அழுத்தினாள். சரி. சரி. சரி. சரி.

"மற்றவர்களுடைய வேலைக்குள் நீ இறங்குவதே இல்லை" என்றாள். "தலைவராக வருகிறவர் துணிந்து கருத்துச் சொல்ல வேண்டும். நீ மிகவும் கெட்டிக்காரி, வசந்தி. ஆனால் இங்கே உன்னைக் காணவில்லை."

"நான் நேரில் போய்ச் சொல்லுவேன்" என்றேன்.

"அப்படியா? யாரிடம் சொன்னாய்? எதைச் சொன்னாய்? எனக்கு ஒரு உதாரணம் சொல்."

போன வருடம் யார் விட்ட எந்தப் பிழையால் எத்தனை லொறிகளின் வழி மாறிப்போயிருக்கும் என்பது எனக்கு மனப்பாடம். யோரிஸ் விட்ட பிழைகளைச் சொன்னாலே போதும், அன்னெக்க பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டிருப்பாள். ஆனால் சொன்னால் பெயர் சொல்ல வேண்டும். பதவி கிடைக்கவில்லை என்ற ஆத்திரத்தில் இன்னொருத்தனுடைய குற்றத்தை மேலிடத்தில் அவிழ்த்துக் கொட்டுகிறவளாக நான் ஆகவேண்டும். வாயைத் திறந்தேன், என் தோளை யாரோ அழுத்துகிற மாதிரி இருந்தது, மூடிவிட்டேன். "இப்போது ஞாபகம் வரவில்லை" என்றேன். அன்னெக்க பரிதாபத்தோடு தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

அதற்குப் பிறகு எல்லாரையும் கூப்பிட்டுக் கேக் வெட்டினார்கள். யோரிஸ் நன்றி சொன்னான். அவன் நல்ல பொடியன், பொறாமையோ சூதோ தெரியாது. ஒவ்வொருத்தராகப் பெயர் சொல்லி வந்தவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"வசந்திக்கு விசேஷமாக நன்றி. நான் வேலையில் முட்டுப்படும்போதெல்லாம் எங்கிருந்தோ கோப்பி கொண்டு வந்து தருவாள்!"

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

கோப்பி! அவனுடைய நிரலில் நான் பிடித்த அத்தனை பிழையும், அவனுடைய கதிரையில் இருந்து நான் திருத்திக் கொடுத்த அத்தனை வரியும் போய், அவன் மனதில் மிஞ்சியிருந்தது கோப்பி மட்டும்தான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையிலேயே அவ்வளவுதான் ஞாபகம்.

5

வீட்டில் மகள் அபியிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவளுக்குப் பதினைந்து வயது. இங்கே பிறந்தவள். தமிழை விளங்கிக்கொள்வாள், கதைக்கும்போது பாதி வழியில் டச்சுக்குத் தாவிவிடுவாள்.

போன வருடம் அவளுடைய பள்ளிக்கூடத்தில் பெற்றோரைச் சந்திக்கக் கூப்பிட்டார்கள். கணித ஆசிரியர் அவளுடைய புள்ளிகளைச் சொல்லிக்கொண்டு போனார். நடுவில் அபி, "இல்லை, நீங்கள் பிழையாகக் கூட்டியிருக்கிறீர்கள்" என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னாள். மேசைக்குக் கீழே அவள் தொடையைக் கிள்ளினேன். ஆசிரியர் கூட்டிப் பார்த்துவிட்டு, "அட, உண்மைதான்" என்று சிரித்தார். இப்படிப் பிள்ளையை வளர்த்ததற்கு என்னைப் பாராட்டினார். கிள்ளிய விரல் இன்னும் மேசைக்குக் கீழேதான் இருந்தது. வீட்டுக்கு வரும் வழி முழுக்க அவள் எனக்குப் பத்தடி முன்னால் நடந்தாள்.

இப்போது பூங்கொத்தைக் கண்டு என்ன என்று கேட்டாள். சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவள் தலையை ஒரு பக்கம் சாய்த்தாள்.

"அம்மா, நீங்க பிழை கண்டது. பிறகு சரி எண்டு எழுதினது. அது பொய்தானே?"

"பொய் இல்ல, மரியாதை."

"யாருக்கு மரியாதை?"

"அவங்களுக்குத்தான்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

போய்ப் படி என்று கத்தினேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தமிழில் அவள் இவ்வளவு நீளமாகக் கதைத்து மாதக்கணக்கு. கதைத்ததும் இதைப் பற்றியா?

6

தலைவனானதும் யோரிஸ் எழுதிய முதலாவது பெரிய நிரல் சரிபார்க்க எல்லாருக்கும் வந்தது. ஒக்டோபர் மாதம். லொறிப் பெட்டிகளின் குளிர் அளவுகளை நேரப்படி அடுக்கி, ஒரே நேரத்துக்கு இரண்டு தடவை வந்த அளவுகளை நகல் என்று கழித்துவிடுகிற நிரல். வாசிக்க அழகாக இருந்தது. வாசித்துக்கொண்டு போனவளுக்கு ஒரு வரியில் கண் நின்றது.

ஒக்டோபர் முடிவில் இங்கே எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புவார்கள். அன்று இரண்டு மணி முதல் மூன்று மணி வரை இரண்டு தடவை வரும். இவர்களுக்கு அது பிறந்ததிலிருந்து பழக்கம், ஆகவே யோசிப்பதில்லை. எனக்குப் பழக்கமில்லை. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஒருதடவை எங்கள் அரசாங்கமும் நேரத்தை மாற்றியது. ஊரில் பாதிப் பேர் பழைய நேரம், பாதிப் பேர் புது நேரம். சுனில் புது நேரத்துக்கு வந்து காத்திருந்துவிட்டுப் போக, அப்பா பழைய நேரத்துக்கு மீனைக் கொண்டு போக, ஐஸ் எல்லாம் தண்ணீராக ஓடி அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு கரையில் இருந்தது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. கடிகாரத்தை நான் சும்மா நம்பமாட்டேன்.

யோரிஸ் எழுதியபடி விட்டால், இரண்டாவது தடவை வருகிற அந்த ஒரு மணித்தியாலத்து அளவுகள் முழுவதையும் நிரல் நகல் என்று எறிந்துவிடும். அந்த நேரத்தில் ஒரு லொறியில் குளிர் நின்றுபோனால் யாருக்கும் மணி அடிக்காது.

பழக்கதோஷத்தில் எழும்பிக் கோப்பி இயந்திரத்தடிக்குப் போய்விட்டேன். ஒரு கோப்பை நிரம்பி, இரண்டாவதை வைக்கும்போது கை நின்றது. முதல் கோப்பையைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றினேன். திரும்பி வந்து, அந்த வரிக்குப் பக்கத்தில், முழு அணியும் பார்க்கும் இடத்தில் எழுதினேன்: "யோரிஸ், கடிகாரம் பின்னுக்குப் போகும் இரவில் ஒரு மணித்தியாலம் இரண்டு தடவை வரும். உன் நிரல் இரண்டாவதை எறிந்துவிடுகிறது. அந்த நேரம் குளிர் போனால் மணி அடிக்காது. இதை இப்படியே வெளியே விடக்கூடாது."

அனுப்பிவிட்டு நேரே கக்கூஸுக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தேன். அவன் முகம் எப்படிச் சுருங்கும், நாளைக்கு எப்படி என்னைப் பார்ப்பான், மற்றவர்கள் என்ன நினைப்பார்கள், பதவி கிடைக்காத பொறாமை என்றுதானே சொல்வார்கள்? மன்னிப்புக் கேட்கிற வசனத்தைக்கூட டச்சில் தயார்பண்ணினேன்.

திரும்பி வந்தபோது என் குறிப்புக்குக் கீழே ஒரு கட்டைவிரல் படம். "நன்றாகக் கண்டுபிடித்தாய், நன்றி! திருத்திவிட்டேன்." அதற்குக் கீழே அன்னெக்க கைதட்டும் படம் போட்டு, "இப்படித்தான் வேண்டும்" என்று எழுதியிருந்தாள். யோரிஸ் தன் பாண் துண்டுகளைச் சாப்பாட்டுப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தான். "சாப்பிடப் போவோமா?"

அவன் முகத்தைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. சுருக்கமில்லை, கோபமில்லை, வெட்கமில்லை. பாணுக்குள் சீஸ் இருக்கிறது என்ற சந்தோஷம் மட்டும்தான் இருந்தது.

எனக்கு அப்போது வந்த கோபத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. பதவி போன அன்றைக்குக்கூட அப்படி வரவில்லை. பத்து வருடம்! பத்து வருடமாகக் கோப்பியும் கையுமாக ஓடி ஓடி நான் காப்பாற்றிய மானம் இவர்களிடம் இருக்கவே இல்லை. பிழை என்பது இவர்களுக்குச் சட்டையில் விழுந்த பாண் தூள். யாராவது காட்டினால் தட்டிவிட்டுப் போகிறார்கள். அப்பாவின் முறை சுனிலிடம் பலித்தது, ஏனென்றால் சபையில் தன்னைக் காப்பாற்றியது யார் என்று சுனிலுக்குத் தெரியும். பிறகு அவர் எங்களுக்கு நிறுக்கும்போது கூடையை இரண்டுதரம் பார்ப்பார். இங்கே நான் எதைக் காப்பாற்றினேன் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் விளங்காது. அவர்கள் என்னை ஏமாற்றவில்லை என்பதுதான் ஆகப் பெரிய ஆத்திரம், திட்டுவதற்கு ஒரு ஆள்கூட இல்லை.

அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அப்பா, இண்டைக்கு ஒருத்தன்ட பிழைய எல்லாருக்கும் முன்னால எழுதிட்டேன்."

"ஐயோ மகள்! அந்தப் பொடியன் என்ன செஞ்சான்?"

"நன்றி சொன்னான். சாப்பிடவும் கூப்பிட்டான்."

"ரோசமில்லாத பயலா இருப்பான்" என்றார் அப்பா, பெரும் அனுதாபத்தோடு.

7

பள்ளிக்கூட விழா அன்று வேலைக்கு லீவு போட்டேன். அங்கே பகல், இங்கே விடிந்து கொஞ்ச நேரம். மேலே சேலை, கீழே வீட்டுக் காற்சட்டை என்று கணினிக்கு முன்னால் இருந்தேன். திரையில் புதுக் கணினிகள் பொலித்தீன் உறை கழற்றாமல் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு மாலையும் போட்டிருந்தார்கள். முன்வரிசைக் கதிரையில் அப்பா, வெள்ளைச் சேர்ட்டோடு, நெற்றி நிறையத் திருநீறு. அதிபர் என்னை அறிமுகப்படுத்தினார். ஊருக்குப் பெருமை சேர்த்தவர், ஐரோப்பாவை ஆட்டிப் படைப்பவர் என்று ஏதேதோ சொன்னார். ஆட்டிப் படைப்பவளுக்குக் காலில் குளிர் ஏறிக்கொண்டிருந்தது.

நானும் நல்ல பிள்ளையாகத் தொடங்கினேன். ஆங்கிலம் படியுங்கள், கணிதத்தை விடாதீர்கள், ஒவ்வொரு நாளும் கொஞ்சமாவது எழுதிப் பழகுங்கள். கணினிக்குத் தாட்சண்யம் கிடையாது, பிழையை முகத்துக்கு நேரே சொல்லும், அதற்குப் பயப்படாதீர்கள். எல்லாம் உண்மைதான். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.

கேள்வி கேட்கலாம் என்றதும் கடைசி வரிசை வாங்கிலிருந்து ஒரு சிறுமி எழும்பினாள். இரட்டைப் பின்னல்.

"அக்கா, உங்கட கந்தோர்ல நீங்கதான் தலைவரா?"

சிலர் சிரித்தார்கள். அதிபர் அவளை முறைத்தார். எனக்கு அந்த நிமிடத்தில்தான் அந்த விழாவில் ஒரு அர்த்தம் தெரிந்தது.

"இல்லம்மா" என்றேன். "நான் தலைவர் இல்ல. இந்தத் தடவை எனக்குக் கிடைக்க வேண்டியது, கிடைக்கல்ல. ஏன் கிடைக்கல்ல எண்டு சொல்றேன். இண்டைக்கு நீங்க கேக்க வேண்டியதே அதுதான். நம்மட ஊர்ல நமக்கு ஒரு பழக்கம் இருக்கு..."

அப்பா நிலத்தைப் பார்த்தார். முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிபர் அவசரமாக எழும்பிக் கணினியடிக்கு வந்தார். அவருடைய சட்டைப் பொத்தான் திரையை நிறைத்தது. "சிக்னல் சரியில்ல பிள்ளைகள், லைன் வெட்டி வெட்டி வருது. எல்லாரும் அக்காவுக்கு ஒரு பெரிய கைதட்டல் குடுங்க பாப்பம்!" கைதட்டல் கேட்டது. பிறகு திரை கறுத்தது.

பின்னேரம் அதிபர் தொலைபேசி எடுத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கதைத்தார்.

"தங்கச்சி, குறை நினைக்காதீங்க. சிக்னல் எல்லாம் நல்லாத்தான் இருந்தது, நான்தான் நிப்பாட்டினேன். சபைக்கு முன்னால உங்கள அப்பிடி விட ஏலுமா? கல்வி வலயத்துல இருந்தும் ஆக்கள் வந்திருந்தாங்க. உங்கட அப்பாவும் முன்னுக்கு இருக்கிறார். உங்கட மானம் எங்கட மானம்தானே? ஆருக்கும் ஒண்டும் விளங்கியிருக்காது, நீங்க யோசிக்காதீங்க."

அவர் நல்ல மனிதர். என் அப்பா சுனிலுக்குச் செய்ததை அவர் எனக்குச் செய்தார், அதே மெதுவான குரலில், அதே அக்கறையோடு. நன்றி சேர் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். வைத்த பிறகு குசினிக்குள் போய் ஒரு கோப்பையை உடைத்தேன். கோப்பிக் கோப்பைதான். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த அபி ஒன்றும் கேட்காமல் விளக்குமாற்றை எடுத்து வந்தாள்.

கடைசி வாங்கில் இருந்த மகள், உன் பெயர் எனக்குத் தெரியாது. உன்னிடம் சொல்ல வந்ததை என்னிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள், ஆகவே இங்கே எழுதுகிறேன். இல்லை, நான் தலைவர் இல்லை. எனக்குத் திறமை குறைவு என்பதால் அல்ல. நான் கண்ட பிழைகளை நான் கண்டேன் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை என்பதால். நீ சிலாபத்தில் வேலை செய்தாலும் கொழும்பில் செய்தாலும் இங்கே வந்து செய்தாலும், முதலில் ஆளைப் பார். சுனிலைப் போன்றவர் என்றால் பிளேன்டீ வாங்கிக் கொடு, தனியே சொல், அதில் பிழையில்லை. ஆனால் திரும்பி வந்து எழுது. நீ கண்டதை, உன் பெயரைப் போட்டு, எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுது. எழுதாவிட்டால் உன்னையும் கோப்பி கொண்டு வந்தவள் என்றுதான் சொல்வார்கள். தலைவர் வேலை அடுத்த வருடம் மறுபடி வரும். நான் கேட்பேன், கிடைக்குமா தெரியாது.

அதிபர் சேர், நீங்கள் அன்றைக்குத் திரையை அணைத்தது பிழை. அந்தப் பிள்ளை கேட்டதுதான் அன்று அந்த அறையில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி, அதற்கு விடை வருவதற்குள் நீங்கள் கை தட்ட வைத்தீர்கள். இதை அடுத்த தடவை ஊருக்கு வரும்போது, ஆண்டிமுனைப் பக்கம் உங்களைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு பிளேன்டீ வாங்கித் தந்து தனியாகச் சொல்லலாம். சொல்லமாட்டேன். இங்கேயே சொல்லிவிட்டேன்.